பழைய போர் விமானத்தைச் சாலை வழியே கொண்டுபோவது: கழற்றுவதா, முழுதாக ஏற்றுவதா, வேறு வழியா?

பழைய போர் விமானம் ஒன்றைக் காட்சிக்கோ சீரமைப்புக்கோ வாங்குகிறவர்கள், கையெழுத்துப் போட்ட மறுநாளே லாரிக்காரரைக் கூப்பிட்டு எவ்வளவு ஆகும் என்று கேட்டுவிடுகிறார்கள். அவர் நீளம், அகலம், உயரம், எடை நான்கையும் கேட்பார். நான்குக்கும் பதில் கையில் இருக்கும். ஆனால் அந்தப் பதில்கள் அவருக்கு உதவாது, ஏனென்றால் அவை முழு விமானத்தின் அளவுகள். லாரியில் ஏறப்போவது முழு விமானமா, அதன் பகுதிகளா, பகுதிகள் என்றால் எந்த மூட்டில் பிரிந்தவை என்பதையே இன்னும் யாரும் முடிவு செய்திருக்க மாட்டார்கள்.

இந்த வேலையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி சாலையைப் பற்றியதே அல்ல என்பது என் உறுதியான கருத்து. விமானம் எந்தெந்த மூட்டில் பிரியும்படி கட்டப்பட்டிருக்கிறது? இறக்கையைக் கழற்றினால் சக்கரக் கால்கள் எந்தப் பகுதியோடு போகும்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால், முன்னால் இருக்கும் வழிகளில் பாதி தானாகவே கழிந்துவிடும். மிச்சம் இருப்பவற்றைத்தான் தூரம், பாலம், செலவு, ஆள்பலம் என்று எடைபோட வேண்டியிருக்கும்.

விமானத்தைக் கட்டியவர்கள் சாலையை மறந்துவிட்டுக் கட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் விழுந்த, பழுதான விமானங்களை அள்ளிவர 'குயின் மேரி' என்று பெயர் பெற்ற நீண்ட, தாழ்ந்த தளம் கொண்ட டிரெய்லர்கள் ஓடின. டாஸ்கர்ஸ் நிறுவனம் கட்டியவை அவை. ஒரு போர் விமானத்தின் உடலும் கழற்றிய இறக்கைகளும் ஒரே டிரெய்லரில் ஏறிவிடும். லான்காஸ்டர் குண்டுவீச்சு விமானமே தனித்தனிப் பகுதிகளாகக் கட்டப்பட்டு, பிறகு ஓரிடத்தில் சேர்த்துப் பூட்டப்பட்டது. அந்தக் காலத்தில் கழற்றவும் பூட்டவும் கையேடு இருந்தது. அந்தக் கையேட்டைத் தேடிப் பிடிப்பதுதான் லாரிக்காரரைக் கூப்பிடுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை.

கால்கள் எதோடு போகின்றன?

ஸ்பிட்ஃபயரையும் மெஸ்ஸர்ஷ்மிட் 109ஐயும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். ஏறக்குறைய ஒரே காலத்தவை, ஒரே வேலைக்கு வந்தவை. இரண்டுக்கும் சக்கரங்களின் இடைவெளி குறுகலானது. ஆனால் ஸ்பிட்ஃபயரின் கால்கள் இறக்கையில் பூட்டியவை. இறக்கையைக் கழற்றிய நிமிடம் உடலுக்குக் காலே இருக்காது. அது அந்தரத்தில் கிரேனில் தொங்க வேண்டும், அல்லது முன்கூட்டியே செய்துவைத்த தொட்டிலில் உட்கார வேண்டும். மெஸ்ஸர்ஷ்மிட்டில் கால்கள் உடலிலேயே பூட்டியவை. இறக்கை இரண்டையும் கழற்றிய பிறகும் அது தன் காலில் நிற்கும், உருட்டலாம், சரிவுப் பலகை வைத்து மேலே ஏற்றலாம். ரயிலில் ஏற்றவும் வயல்வெளியில் பழுதுபார்க்கவும் வசதியாக அப்படி அமைத்தார்கள். அந்த ஒரு முடிவு எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு உங்கள் கிரேன் வாடகையில் தெரியும்.

இன்னும் சில உதாரணங்கள். ஹரிகேனிலும் ஹார்வர்டிலும் இறக்கையின் நடுப்பகுதி உடலோடு ஒட்டியிருக்கும், கால்கள் அதில் இருக்கும், வெளி இறக்கைகள் மட்டும் தனியே வரும். மஸ்டாங்கில் இடது வலது இறக்கைகள் நடுக்கோட்டில் ஒன்றோடொன்று போல்ட் போட்டு இணைக்கப்பட்டு, உடல் அதன் மேல் உட்கார்ந்திருக்கும். உடலைத் தூக்கி எடுத்துவிட்டால், கால்களோடு ஒரு முழு இறக்கை தரையில் நிற்கும். அதை நடுவில் இரண்டாகப் பிரிக்கலாம். மஸ்கிட்டோவின் மர இறக்கையோ ஒரே துண்டு, 16.5 மீட்டர். அதைப் பிரிக்க மூட்டே கிடையாது. நீளமான லோடு ஒன்று தேவை என்பதை அங்கே விமானமே தீர்மானித்துவிடுகிறது.

ஜெட் விமானங்களிலும் இதே கணக்குதான். நாட் சின்ன விமானம், கால்கள் உடலுக்குள் மடங்குபவை, இறக்கை உடலின் மேல் உட்காரும் ஒரே துண்டு. இறக்கையை மேலே தூக்கிவிட்டால் உடல் தன் காலில் நிற்கும். ஹண்டரிலும் மிக்-21லும் பிரதான கால்கள் இறக்கையில் பூட்டியவை, எனவே தொட்டில் கட்டாயம். அவற்றில் ஒரு வசதி உண்டு: எஞ்சினை வெளியே எடுப்பதற்காகவே உடலின் பின்பகுதி முழுதாகக் கழன்று வரும்படி செய்திருக்கிறார்கள். நீளம் இடிக்கும் பாதையில் இந்த மூட்டு பெரிய வரம்.

கடற்படை விமானங்கள் தனி இனம். விமானந்தாங்கிக் கப்பலின் லிஃப்டில் அடங்குவதற்காக இறக்கை மடியும். 13 மீட்டர் இறக்கை கொண்ட ஹெல்கேட், பறவை சிறகை ஒடுக்குவதுபோல் மடித்துக்கொண்டால் 5 மீட்டருக்குள் அடங்கிவிடும். கோர்சேரும் மடியும், ஆனால் மேல்நோக்கி. அகலம் குறைந்த அளவுக்கு உயரம் ஏறிவிடும், கிட்டத்தட்ட 5 மீட்டர் ஆகிவிடும். அதை டிரெய்லர் மேல் ஏற்றினால் பாதையில் உள்ள ஒவ்வொரு மின்கம்பியும் கணக்கில் வரும். மடிப்பு இருக்கிறது என்பதாலேயே வேலை சுலபம் என்று நினைத்துவிடக் கூடாது. எந்தப் பக்கம் மடிகிறது என்று பார்க்க வேண்டும்.

மூட்டில் கழற்றிப் பல லோடாக

பெரும்பாலானவர்கள் கடைசியில் வந்து சேருவது இந்த வழிக்குத்தான், சேர வேண்டியதும் இதற்குத்தான். ஒற்றை எஞ்சின் போர் விமானம் என்றால் உடல் ஒரு வண்டியில், இறக்கைகளும் வால் பாகங்களும் இன்னொன்றில், எஞ்சினும் விசிறியும் தனியே என்று இரண்டு அல்லது மூன்று லோடில் முடியும். பல நாடுகளில் சாதாரண லாரிக்கு அனுமதிக்கும் அகலம் 2.5 மீட்டரிலிருந்து 2.6 மீட்டர் வரை, உயரம் 4 மீட்டரை ஒட்டி. நன்றாகக் கழற்றிய ஒற்றை எஞ்சின் விமானத்தை இந்த அளவுக்குள் அடக்கிவிடலாம். அடக்கிவிட்டால் சிறப்பு அனுமதி, முன்னால் போகும் பைலட் வண்டி, இரவுப் பயணம் எதுவும் தேவைப்படாது. தடங்கலில்லாமல் நெடுஞ்சாலையில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகலாம்.

அதற்கு விலை கழற்றும் இடத்திலேயே கொடுக்கப்படுகிறது. இறக்கையை உடலோடு பிணைக்கும் போல்ட்டுகள் துளைக்கு இம்மியும் இடைவெளி இல்லாமல் கடைந்து போடப்பட்டவை. பல ஆண்டு வெளியில் நின்ற விமானத்தில் அவை துருவோடு ஒட்டிப்போயிருக்கும். இதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் இதில் எவ்வளவு பொறுமை தேவை என்று தெரியும். கிரேன் இறக்கையின் எடையைத் தாங்கியிருக்கும். கொஞ்சம் அதிகமாகத் தூக்கினால் மேல் போல்ட் இறுகும், கொஞ்சம் தளர்த்தினால் கீழ் போல்ட் இறுகும். ஒருவர் இறக்கையின் நுனியைத் தோளில் ஏந்தி, ஒரு விரற்கடை மேலே, ஒரு விரற்கடை கீழே என்று அசைத்துக்கொண்டே இருப்பார். இறக்கை உடலோடு சேரும் வேர்ப்பக்கத்தில் குனிந்திருப்பவர் போல்ட்டின் தலையை விரலால் திருகிப் பார்த்துக்கொண்டே இருப்பார். பாரம் சரியாகச் சமன்படும் ஒரு கணத்தில் அது விரலுக்கே திரும்பும். அந்தக் கணம் வருவதற்கு முன் சுத்தியலை எடுத்தவர்கள் துளையைக் கெடுத்துவிடுவார்கள். இறக்கையின் முதுகெலும்பான ஸ்பாரில் கெட்ட துளையைச் சரிசெய்யும் செலவு முழுப் பயணத்தின் வாடகையை மிஞ்சும். நெருப்பு வைத்துச் சூடாக்குவதும் கூடவே கூடாது. அலுமினியக் கலவையின் வலிமை அந்தச் சூட்டிலேயே போய்விடும். துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி நாட்கணக்கில் ஊறவிடுவதும், திருகு அழுத்தத்தால் மெல்ல வெளியே இழுக்கும் கருவியும்தான் வழி.

கழற்றிய இறக்கையைப் படுக்கவைப்பதைவிட, முன் விளிம்பு கீழே இருக்கும்படி நிமிர்த்தி, மரச்சட்டத்தில் தடித்த மெத்தை வைத்து நிறுத்துவது நல்லது. படுக்கவைத்தால் அகலம் கூடும், நடுவில் தொய்யும். ஸ்பிட்ஃபயர் இறக்கையின் வேர்ப்பகுதி அகலம் 2.54 மீட்டர். 40 அடி கன்டெய்னரின் உள் அகலம் 2.35 மீட்டர்; படுக்கப்போட வழியில்லை. உயரம் கூடிய ஹை கியூப் வகையின் கதவு உயரம் 2.58 மீட்டர்தான். மெத்தையும் சட்டமும் சேர்ந்தால் நேராக நிறுத்தி உள்ளே தள்ள முடியாது, சாய்த்துத்தான் வைக்க வேண்டும். அந்தச் சாய்வுக்கு ஏற்ற சட்டத்தை முன்கூட்டியே செய்துகொள்ளாமல் கன்டெய்னர் வந்து நிற்கும் நாளில் யோசித்தால் அன்றைய கிரேன் வாடகை வீண்.

லோ பெட் எனப்படும் தாழ்தளத் திறந்த டிரெய்லரா, மூடிய கன்டெய்னரா என்ற கிளைக் கேள்வி இங்கே வரும். நீண்ட தூரத்துக்கும் கடல் தாண்டுவதற்கும் மூடியதே மேல். திறந்த வண்டியில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது விமானத்தின் பாகம் எதுவானாலும் காற்றில் தன் வேலையைச் செய்யப் பார்க்கும். வால் முன்னோக்கி ஏற்றியிருந்தால் வாலில் அசையும் பாகங்களான சுக்கானும் உயர்த்தித் தகடுகளும் பின்பக்கக் காற்றில் படபடத்துக் கீலையே பிய்த்துவிடும். அவற்றைக் கழற்றித் தனியே பொதிந்துவிட வேண்டும், பூட்டு மட்டும் போதாது. துணி போர்த்திய பாகங்களைத் திறந்த வண்டியில் வைப்பதையே நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மறுபக்கம், திறந்த லோ பெட்டில் மேலிருந்து கிரேனால் நேராக இறக்கலாம், உயரமான வாலுக்கு இடம் கிடைக்கும், கட்டு தளர்ந்தால் வழியில் நிறுத்திக் கண்ணால் பார்க்கலாம். உடலின் மேல் தகடு பல இடங்களில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கனம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, இறுக்கிக் கட்டும் ராட்செட் பெல்ட்டை உள்ளே சட்டம் இருக்கும் இடத்தின் மேல் மட்டுமே போட வேண்டும். இரண்டு சட்டத்துக்கு நடுவே போட்ட பெல்ட், முதல் வேகத்தடையிலேயே தன் தடத்தைப் பதித்துவிடும்.

எஞ்சினைக் கழற்ற வேண்டுமா? உடலோடு விட்டால் ஒரு வேலை மிச்சம். ஆனால் ஸ்பிட்ஃபயர் வகைகள் சிலவற்றில் மெர்லின் எஞ்சின் மட்டுமே சுமார் 745 கிலோ. அது மூக்கில் இருப்பதா இல்லையா என்பதைப் பொறுத்து உடலின் எடைமையம் முன்னும் பின்னும் நகரும், தொட்டிலின் கால் எங்கே வர வேண்டும் என்பதும் மாறும். தொட்டில் செய்தபின் மனதை மாற்றக் கூடாது. ஜெட் எஞ்சின் என்றால் வேறு ஓர் ஆபத்து: நின்றுகொண்டிருக்கும் சுழல்தண்டு, சாலைக் குலுக்கலில் உருளைத் தாங்கிகளின் (பேரிங்) தடத்தில் சிறு சிறு குழிகளைப் பதித்துவிடும். பார்வைக்குத் தெரியாது, பின்னால் ஓட்டும்போதுதான் தெரியும். மீண்டும் ஓடவேண்டிய எஞ்சின் என்றால் காற்று சஸ்பென்ஷன் உள்ள வண்டி, அதிர்வு தாங்கும் தாங்கி இரண்டும் வேண்டும். காட்சிக்கு மட்டும் என்றால் இதில் இவ்வளவு கவலை தேவையில்லை.

பெரிய விமானங்களுக்கும் இந்த வழி பொருந்தும், ஆனால் கால அளவே வேறு. 'மெம்பிஸ் பெல்' என்ற பி-17 குண்டுவீச்சு விமானம், 2005ல் பகுதிகளாக லாரிகளில் ஓஹியோவில் உள்ள அமெரிக்க விமானப்படை அருங்காட்சியகத்துக்கு வந்தது; மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது 2018ல். மோஹாவே பாலைவனத்திலிருந்து மீட்கப்பட்ட 'டாக்' என்ற பி-29 குண்டுவீச்சு விமானம், 2000ல் லாரிகளில் விச்சிட்டாவுக்குப் போனது. மறுபடி பறந்தது 2016 ஜூலை 17 அன்று. இடையில் போன ஆண்டுகள் சீரமைப்பு வேலையின் ஆண்டுகள்தான். ஆனாலும் கழற்றுவதற்கு ஒப்புக்கொள்கிறவர் மறுபடி பூட்டுவதற்கு இடமும் கூரையும் ஆளும் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். பூட்டாமலே பிரிந்துகிடக்கும் விமானங்கள் நிறைய இருக்கின்றன. அவற்றைப் பார்க்கும்போது எனக்கு மனம் கனத்துவிடும்.

முழுதாக ஏற்றுவதும் உருட்டுவதும்

கழற்றாமலே கொண்டுபோகலாமா என்ற ஆசை எல்லோருக்கும் வரும். தவறான ஆசை அல்ல. மூட்டைத் தொடாமல் இருப்பது விமானத்துக்கு நல்லது, பூட்டும் செலவும் இல்லை. ஆனால் மிக்-21ன் இறக்கை அகலம் 7.15 மீட்டர். இருவழிச் சாலையின் தார்ப்பரப்பு பொதுவாக 7 மீட்டர். அதாவது இருப்பதிலேயே குறுகிய இறக்கை கொண்டவற்றில் ஒன்றான இந்த விமானமே இரண்டு வழியையும் முழுதாக அடைத்துக்கொண்டு ஓரத்துக் கம்பங்களையும் தொடும். எதிரே வண்டி வர முடியாது, சாலையை மூட வேண்டும். ஆகவே இது சில கிலோமீட்டருக்கான வழி. அதுவும் ஓடுதளத்துக்கும் போய்ச்சேரும் இடத்துக்கும் இடையில் அகலமான, மரமும் கம்பமும் குறைந்த சாலை இருந்தால் மட்டும்.

இந்த வழி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு உலகறிந்த உதாரணம் ஒரு போர் விமானமல்ல, 'எண்டெவர்' விண்கலம். 2012 அக்டோபரில் அதை முழுதாக, தானே நகரும் பல சக்கர மேடைகளில் வைத்து லாஸ் ஏஞ்சலஸ் தெருக்களில் சுமார் 19 கிலோமீட்டர் கொண்டுபோனார்கள். இறக்கை அகலம் 24 மீட்டரை ஒட்டி. ஆள் நடக்கும் வேகம்கூட இல்லை. வழியில் ஏறக்குறைய 400 மரங்கள் போயின. ஒரு நெடுஞ்சாலைப் பாலத்தைத் தாண்டும்போது மேடைகளின் எடையைப் பாலம் ஏற்காது என்பதால், லேசான தாங்கிக்கு மாற்றி ஒரு பிக்கப் வண்டியால் இழுத்தார்கள். ஒரு தேசமே பார்த்துக்கொண்டிருந்த விண்கலத்துக்கு அது தகும். ஒரு பயிற்சி விமானத்துக்காக ஒரு மரத்தைக்கூட வெட்டக் கூடாது என்றுதான் நான் சொல்வேன்.

சொந்தச் சக்கரத்தில் இழுத்துப்போவது இதன் தம்பி. மலிவானது, சாலையைத் தாண்டி எதிர்ப்புறம் போகவோ, தளத்துக்குப் பக்கத்திலேயே உள்ள கூடத்துக்குப் போகவோ பொருத்தமானது. ஆனால் விமான டயர் சாலையில் மணிக்கணக்கில் உருளச் செய்ததல்ல. ஓடுதளத்தில் சில நிமிடம் பெரும் பாரம் தாங்கிவிட்டு ஆறுவதற்குச் செய்தது. தொடர்ந்து உருட்டினால் உள்ளே சூடு ஏறும். பழைய டயரின் பக்கச்சுவர் வெடிப்புவிட்டிருந்தால் அந்தச் சூட்டுக்கு முன்பே பிளந்துவிடும். நடந்துபோகும் வேகத்தைத் தாண்டக் கூடாது, அடிக்கடி நிறுத்திச் சக்கரமையத்தைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும், பிரேக் ஒட்டிக்கொண்டு உராய்கிறதா என்று கவனிக்க வேண்டும். வால் சக்கரம் உள்ள விமானம் என்றால் அந்தச் சின்னச் சக்கரத்தைச் சாலையில் விடவே கூடாது. வாலைத் தூக்கி ஒரு தள்ளுவண்டியில் வைத்துப் பின்னோக்கி இழுப்பதுதான் முறை.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது, பலர் கவனிக்காமல் விடுவது: வெளி இறக்கையை மட்டும் கழற்றி, நடுப்பகுதியும் கால்களும் உடலும் ஒன்றாகவே அகல லோடாகப் போவது. இரட்டை எஞ்சின் போக்குவரத்து விமானமான டகோட்டாவுக்கு இதுதான் இயல்பான வழி. 29 மீட்டர் இறக்கையில் வெளிப்பகுதிகள் வரிசையாகப் போட்ட போல்ட்டுகளால் நடுப்பகுதியோடு சேர்ந்திருக்கின்றன. அவை தாராளமாகக் கழன்று வரும். ஆனால் எஞ்சின்களும் கால்களும் தாங்கும் நடுப்பகுதியை உடலிலிருந்து பிரிப்பது பெரிய அறுவைசிகிச்சை. பிரிக்காமல் விட்டால் சக்கரங்களின் இடைவெளி மட்டுமே 5.6 மீட்டருக்கு மேல். லோடின் அகலம் அதைவிடக் கூடும். சாலை அனுமதிக்கும் என்றால் அகலத்தை ஏற்றுக்கொண்டு நடுப்பகுதியைத் தொடாமல் போகத்தான் நான் சொல்வேன்.

தண்ணீர் வழி, வான்வழி

போய்ச்சேரும் இடம் கடற்கரையையோ பெரிய ஆற்றையோ ஒட்டியிருந்தால், சாலையைச் சுருக்கிக்கொண்டு பார்ஜ் எனப்படும் தட்டையான சரக்குப் படகில் ஏற்றுவதை முதலிலேயே விசாரிக்க வேண்டும். தண்ணீரில் அகல வரம்பு ஏறக்குறைய இல்லை. 97.5 மீட்டர் இறக்கை கொண்ட ஹியூஸ் எச்-4 பறக்கும் படகை 1992-93ல் லாங் பீச்சிலிருந்து ஓரிகன் மாநிலத்து மெக்மின்வில்லுக்குக் கொண்டுபோனபோது, கழற்றிப் பார்ஜில் ஏற்றிக் கடலும் ஆறும் தாண்டி, கடைசிப் பகுதியை மட்டும் சாலையில் எடுத்துப்போனார்கள். குறை என்னவென்றால் தூக்கி இறக்கும் தடவை கூடும். கரையில் ஒரு முறை, பார்ஜில் ஒரு முறை, மறுகரையில் ஒரு முறை. விமானம் அடிபடுவது பெரும்பாலும் ஓடும்போதல்ல, தூக்கும்போதுதான். உப்புக்காற்றும் மெக்னீசியப் பாகங்களுக்கு எமன்.

ஹெலிகாப்டரில் தொங்கவிட்டுக் கொண்டுபோவது படத்தில் அழகாக இருக்கும். சாலையே இல்லாத இடத்துக்கு அது தவிர வழியில்லை. 1942ல் பாப்புவா நியூகினியின் சதுப்பில் இறங்கிய, 'ஸ்வாம்ப் கோஸ்ட்' எனப்படும் பி-17ஐ 2006ல் அப்படித்தான் பகுதி பகுதியாக வெளியே எடுத்தார்கள். அங்கும் முதலில் கழற்றினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். முழு விமானத்தைத் தொங்கவிட்டால் அது இறக்கையை விரித்துப் பறக்கப் பார்க்கும். கயிற்றில் ஆடும், சுழலும், தூக்குகிற ஹெலிகாப்டரையே ஆபத்தில் தள்ளும். அதனால் இறக்கையின் மேல் நெடுக மரச்சட்டமோ நுரைக்கட்டையோ கட்டி, தூக்குவிசை எழாமல் காற்றோட்டத்தைக் கலைக்க வேண்டும். அவ்வளவு செய்தும், ஆட்டம் கட்டுக்கு மீறினால் பாரத்தைக் கழற்றிவிடும் உரிமை விமானியின் விரலில் இருக்கும். அவர் தன் உயிரைத்தான் பார்ப்பார், பார்க்கவும் வேண்டும். சாலை இருக்கும் இடத்தில் இந்த வழி வேண்டாம்.

பறக்கும் நிலையில் இருப்பதைப் பறக்கவிடுவதே சிறந்தது என்பதில் விவாதமில்லை. பறக்கும் நிலையை அடையலாம் என்று நம்புவதில்தான் விவாதம். 1947ல் கிரீன்லாந்தில் தரையிறங்கிய 'கீ பேர்ட்' என்ற பி-29ஐ அங்கேயே பழுதுபார்த்துப் பறந்து வெளியேற முயன்றார்கள். 1995 மே 21 அன்று புறப்பட உருண்டபோது உள்ளே தீப்பிடித்து, ஏறக்குறைய அரை நூற்றாண்டு குளிரில் கெடாமல் கிடந்த விமானம் எரிந்துபோனது. அங்கே சாலை கிடையாது என்பது உண்மை. ஆனால் சாலை உள்ள இடத்திலும் இதே அவசரத்தைப் பார்க்கலாம். கழற்றும் வேலையைத் தவிர்க்க, அரைகுறையாகச் சரிசெய்து ஒரே ஒரு முறை பறக்கவைத்துவிடலாம் என்று கிளம்புகிறவர்கள் உண்டு.

நல்ல கலவை ஒன்று விசாகப்பட்டினத்தில் நடந்தது. இந்தியக் கடற்படையின் கண்காணிப்பு விமானமான டியு-142 ஓய்வுபெற்றதும், 2017 ஏப்ரலில் அரக்கோணத்திலிருந்து பறந்தே விசாகப்பட்டினத்துக் கடற்படைத் தளத்துக்கு வந்தது. அங்கே கழற்றப்பட்டு, சாலை வழியே கடற்கரைக்குப் போய், மீண்டும் பூட்டப்பட்டு அதே ஆண்டு டிசம்பரில் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. 50 மீட்டர் இறக்கை கொண்ட விமானத்தைக் கூடியவரை தானே பறக்கவிட்டு, சாலைக்குக் கடைசித் துண்டை மட்டும் கொடுத்தார்கள். பெரிய விமானத்துக்கு இதைவிடச் சரியான வரிசை எனக்குத் தோன்றவில்லை.

அறுப்பது

போல்ட் வரவில்லை, நாள் இல்லை, பணம் இல்லை. அறுத்துவிட்டு அங்கே போய்ப் பற்றவைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொல்வார்கள். இதை ஒரு வழியாகவே நான் எண்ணவில்லை. ஸ்பார் உயர்வலிமை அலுமினியக் கலவை. அதைப் பற்றவைத்து முன்போல் ஆக்க முடியாது, தகடு வைத்து ஒட்டுப்போடத்தான் முடியும். பீடத்தில் நிற்கும் காட்சி விமானத்துக்குக்கூட அந்த ஒட்டு, காற்றிலும் மழையிலும் பத்தாண்டில் தொய்யும். அறுத்தே தீர வேண்டிய நிலை என்றால் அந்த விமானத்தை இன்னும் ஓராண்டு அங்கேயே விட்டு, பணம் சேர்த்துக்கொண்டு வருவது மேல். அடுத்தவர் கையில் கொடுத்துவிடுவதும் மேல்.

பாதையும் பத்திரமும்

வழியைத் தேர்ந்த பிறகு பாதையைப் பார்க்க வேண்டும். வரைபடத்தில் அல்ல, நேரில். லோடின் உயரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒரு கம்பை நிமிர்த்திக் கட்டிய வண்டியில் முழுப் பாதையையும் ஒருமுறை ஓட்டி, கம்பு எங்கெல்லாம் இடிக்கிறது என்று குறித்துவர வேண்டும். நேர்சாலையில் சிக்கல் குறைவு, வளைவில்தான் எல்லாம். டிரெய்லரின் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் வால், வண்டி இடப்பக்கம் திரும்பும்போது வலப்பக்கம் வெளியே வீசும். ஓட்டுநர் கண்ணாடியில் அது தெரியாது. கடைசிச் சக்கரத்திலிருந்து வால் நுனிவரை எத்தனை மீட்டர் என்று அளந்து, குறுகிய திருப்பங்களில் வெற்று டிரெய்லரையும் ஒரு நீண்ட மூங்கிலையும் வைத்துப் பார்த்துக்கொள்வது வீண் வேலையல்ல. அப்படிப் பார்க்காமல் போன ஒரு இரவில், நடுச்சாலையில் ஒரு பெயர்ப்பலகைக்கும் வால் தகட்டுக்கும் இடையே உள்ளங்கை அகலம் மட்டும் மிஞ்சி நின்றதை நான் பார்த்திருக்கிறேன். பலகையின் நட்டுகளைக் கழற்றிப் பலகையை எடுத்து, வண்டி போனதும் திரும்பப் பூட்ட ஒன்றரை மணி நேரம் ஆனது.

ராணுவ விமானத்துக்கே உரிய சில ஆபத்துகளும் உண்டு. வெளியேற்று இருக்கையும் அதன் வெடிபொதிகளும் செயலிழக்கச் செய்யப்பட்டதற்கு எழுத்துச் சான்று இல்லாமல் யாரும் காக்பிட்டில் கை வைக்கக் கூடாது. விமானம் நாற்பது ஆண்டு அசையாமல் நின்றது என்பது சான்றாகாது. போர்க்காலக் கருவி முகப்புகளில் இரவில் ஒளிர ரேடியம் பூசியிருப்பார்கள். கண்ணாடி உடைந்திருந்தால் தூசியே ஆபத்து; அந்தக் கருவிகளைத் தனியே மூடிப் பொதிந்து, அதற்குரிய விதிப்படி எடுத்துப்போக வேண்டும். ஹைட்ராலிக் அழுத்தக்கலன், ஆக்ஸிஜன் சிலிண்டர், டாங்கில் மிஞ்சிய எரிபொருள் மூன்றையும் காலி செய்தாக வேண்டும்.

எதற்கு எது

நூறு கிலோமீட்டருக்கு மேல், ஒற்றை எஞ்சின், கையேடும் ஆளும் உண்டு என்றால் சட்ட அளவுக்குள் கழற்றி மூடிய வண்டியில் போங்கள். மீண்டும் பறக்கவேண்டிய விமானத்துக்கு இது மட்டுமே வழி. காட்சிக்கு மட்டும், தூரம் குறைவு, போல்ட்டுகள் ஒட்டிப்போயிருக்கின்றன என்றால், வெளி இறக்கையை மட்டும் எடுத்து அகல லோடாக, சாலை மூடும் அனுமதியோடு ஒரே இரவில் போவது விமானத்துக்கு நல்லது. அனுமதிச் செலவைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம். மடியும் இறக்கை என்றால் மடித்த உயரத்தை அளந்துவிட்டு முடிவெடுங்கள். நான்கு எஞ்சின் விமானம் என்றால் முதலில் அருகிலுள்ள ஓடுதளமும் நீர்வழியும் எங்கே என்று பாருங்கள், சாலையைக் கடைசியில் வையுங்கள். சாலையைக் கடக்கும் தூரம்தான் என்றால் உருட்டுங்கள்.

கடைசியாக, எந்த லோடு முதலில் போவது. உடல் முதலில் போக வேண்டும். அது தொட்டிலில் நிலையாக நின்ற பிறகே இறக்கைகள் வர வேண்டும். இறக்கை முதலில் வந்தால் அதை இறக்கி எங்கோ சாய்த்துவைத்து, மறுபடி தூக்க வேண்டியிருக்கும். கழற்றிய ஒவ்வொரு போல்ட்டும், எந்தத் துளையிலிருந்து வந்தது என்று எழுதிய துணிப்பையில், எண்ணெய் தடவி இருக்க வேண்டும். அந்தப் பைகள் அடங்கிய பெட்டி டிரெய்லரில் ஏறக் கூடாது. போல்ட்டைக் கழற்றியவர் எந்த வண்டியில் போகிறாரோ, அந்த வண்டியில் அவர் காலடியில் இருக்கட்டும்.